விடுமுறைக் கூட்டத்தில் கடற்கரை ரிசார்ட்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரிசார்ட்டுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பொங்கல் தொடர் விடுமுறை, மே மாதச் சனி ஞாயிறு, ஆயுத பூஜை, கிறிஸ்துமஸ் வாரம் என்று வந்துவிட்டால் அத்தனையும் நிரம்பிவிடும். கூடுதல் வாடகை கொடுத்து வரும் குடும்பங்கள் ரிசப்ஷனில் காத்திருந்து, தோசைக்குக் காத்திருந்து, குளத்தில் இறங்க இடமில்லாமல் ஓரமாக உட்கார்ந்து, கடைசியில் ‘ஓட்டல் சரியில்லை’ என்று சலித்துக்கொண்டே வீடு திரும்புகின்றன. ஓட்டலிலும் குறை இருக்கலாம். என்றாலும் அந்தச் சலிப்பில் பெரும்பங்கு, எல்லாக் குடும்பமும் ஒரே மணிக்கு ஒரே இடத்துக்கு வந்து நிற்பதால் உண்டாவது.

ஒரு நாளைக் கவனித்தால் இது விளங்கும். பெரும்பாலான ரிசார்ட்டுகளில் அறையைக் காலி செய்யும் நேரம் காலை 11 மணி; புதிதாக வருபவர்களுக்கு அறை தரும் நேரம் பிற்பகல் 2 அல்லது 3 மணி. ஆகவே 11 மணிக்குப் போகிறவர்களும், சீக்கிரமே வந்துவிட்டவர்களும் ஒரே கவுன்டரில் முட்டிக்கொள்கிறார்கள். மதிய வெயில் எல்லோரையும் ஏசி அறைக்குள் தள்ளுகிறது. நாலரை மணிக்கு வெயில் தாழ்ந்ததும் அத்தனை பேரும் குளத்துக்கு வருகிறார்கள். ஆறரைக்கு எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் ஷவர் திறக்கிறது; வெந்நீர் வெதுவெதுப்பாகிவிடுகிறது. எட்டரைக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் மேசை கிடைப்பதில்லை. தாமதமாகச் சாப்பிட்டுத் தாமதமாகத் தூங்கி, மறுநாள் ஒன்பதேகாலுக்கு எல்லோரும் காலை பஃபேக்கு வந்து சேருகிறார்கள். அதே கூடத்தில் ஏழரைக்குப் பாதி மேசைகள் காலியாகக் கிடந்தன. ஆக, உங்கள் குடும்பத்தின் நாளை ஒன்று, ஒன்றரை மணி நேரம் முன்னால் நகர்த்திக்கொண்டால் போதும். அதே ஓட்டலில், அதே வாடகையில், வேறு மாதிரி தங்கிவிட்டு வரலாம். இந்த அத்தியாயம் முழுவதும் இந்த ஒரே யோசனையைத்தான் நடைமுறைப்படுத்துகிறது. ஒரே ஒரு விலக்கு உண்டு: தண்ணீர். அங்கே மட்டும் ‘ஆள் இல்லாத நேரம்’ என்பது நல்ல நேரம் ஆகாது. அதற்கான காரணம் பின்னால் வரும்.

‘ஓய்வெடுக்கப் போகும் இடத்தில் அலாரம் வைத்து எழுந்திருப்பதா?’ என்ற கேள்வி நியாயமானது. ஆனால் இங்கே தூக்கத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, இடம் மாற்றச் சொல்கிறேன். மதியம் ஒரு மணியிலிருந்து மூன்றரை வரை வெளியே செய்வதற்கு ஒன்றுமில்லை. மணலில் வெறுங்காலை வைக்க முடியாது. அந்த நேரத்தில் நன்றாகத் தூங்கலாம். தவிர, இது கிழக்குக் கடற்கரை. சூரியன் கடலிலிருந்து எழுவதைப் பார்க்கத்தான் இந்தப் பக்கம் கட்டிய அறைக்கு அதிக வாடகை. மே மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே உதயம் முடிந்துவிடும். ஜனவரியில் ஆறரையைத் தாண்டும். ‘கடல் பார்த்த அறை’ எடுத்துவிட்டு எட்டரை மணி வரை திரையை மூடித் தூங்குவது காசுக்குப் பிடித்த கேடு. விடலைப் பிள்ளைகள் எழ மாட்டார்கள் என்றால் விட்டுவிடுங்கள். பெரியவர்களும் சின்னக் குழந்தைகளும் முன்னால் போகட்டும். விடலைகள் பின்னால் வந்து கூட்டத்தில் நின்று தோசை வாங்கிக்கொள்ளட்டும். வீட்டில் ஒருவருக்காக எல்லோரும் காத்திருப்பதுதான் திட்டத்தைக் கெடுப்பது.

முன்பதிவுக்கு முன் ஒரு போன்

இணையத்தில் பணம் கட்டுவதற்கு முன் ரிசார்ட்டுக்கு நேரடியாக ஒரு போன் செய்யுங்கள். விளம்பரத்தில் சொல்லாதவை பல, கேட்டால் மட்டும் வரும். கேட்க வேண்டிய வரிசை இது:

1. அந்தத் தேதிகளில் கல்யாணமோ கம்பெனி விழாவோ இருக்கிறதா? இருந்தால் புல்வெளி, ஒலிபெருக்கி, சாப்பாட்டுக் கூடம், சில சமயம் குளமும்கூட அவர்களுக்குப் போய்விடும். முகூர்த்த நாள் என்றால் இந்தக் கேள்வியை மறக்கவே கூடாது.

2. எத்தனை வயது வரை குழந்தைக்குக் கட்டணம் இல்லை? அறை வாடகையில் கழிவு கொடுத்துவிட்டு, ஏழு வயதுப் பிள்ளையின் காலைச் சாப்பாட்டுக்கும் எக்ஸ்ட்ரா பெட்டுக்கும் தனியாக வாங்குவது வழக்கம்.

3. இரண்டு அறை எடுத்தால், உள்ளே கதவு வைத்து இணைத்த அறைகளா, அல்லது வெறுமனே அடுத்தடுத்த அறைகளா? சின்னக் குழந்தைகள் இருந்தால் இந்த வித்தியாசம் பெரியது. தாத்தா பாட்டி வருவதானால் தரைத்தளத்தில் கேளுங்கள்.

4. கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளில் கட்டாய விருந்துக் கட்டணம் உண்டா? பல இடங்களில் உண்டு. தலைக்கு இத்தனை என்று அறை வாடகைக்கு மேல் வரும்.

5. குளத்தின் நேரம் என்ன? லைஃப்கார்டு எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? இந்த இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

6. சொல்லும் வாடகை வரியோடு சேர்ந்ததா? 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 7,400 ரூபாய் அறைக்குக் கடைசியில் 7,770 கொடுப்பீர்கள். 7,600 ரூபாய் அறைக்கு 8,968. இருநூறு ரூபாய் வித்தியாசம் கிட்டத்தட்ட 1,200 ஆகிவிடுகிறது. இரண்டு அறை, இரண்டு இரவு என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

‘தனியார் கடற்கரை’ என்ற விளம்பரச் சொல்லையும் அப்படியே நம்ப வேண்டாம். நம் நாட்டில் அலை வந்து போகும் கரை பொதுவானது. ரிசார்ட்டின் வேலி கரைக்கு முன்பே முடிந்துவிடும். மீனவர்கள் படகு ஏற்றுவார்கள், வலை காயப்போடுவார்கள்; அது அவர்கள் தொழில் செய்யும் இடம். மேலும் 1991 முதல் நடப்பில் உள்ள கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகளால், கிராமப்புறக் கரையில் அலைக்கோட்டை ஒட்டிப் புதுக் கட்டடம் எழுப்பப் பொதுவாக அனுமதி இல்லை. எனவே ‘படியிறங்கினால் கடல்’ என்று படத்தில் தெரிவது நேரில் நூறு, இருநூறு மீட்டர் நடையாக இருக்கலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் வருகிறார்கள் என்றால் பேட்டரி வண்டி உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்.

முதல் நாள்: வந்து சேரும் விதம்

சனிக்கிழமை காலை ஒன்பதுக்குத் திருவான்மியூரைத் தாண்டுகிறவர்கள் நீலாங்கரை, அக்கரை என்று சிக்னலுக்குச் சிக்னல் நின்று பதினொன்றுக்கு வந்து சேர்ந்து, அறைக்காக மூன்று மணி வரை சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள். இதற்கு இரண்டு மாற்று வழிகள். ஒன்று, காலை ஆறுக்கே கிளம்பி நேராக மாமல்லபுரம் போய்விடுவது. தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்கள் காலை ஆறு மணிக்குத் திறக்கும். கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் வெயில் ஏறுவதற்குள் பார்த்து முடிக்கலாம். வழியில் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவை மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம். செவ்வாய்க்கிழமை அதற்கு விடுமுறை. இன்னொன்று, வீட்டில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாகப் புறப்பட்டு நாலு மணிக்கு வந்து சேருவது. ‘அறை வாடகை அதற்குள் ஓடுமே’ என்று கேட்கலாம். மூன்று மணிக்கு முன் அறையே கிடையாது. அதனால் இழப்பது ஒரு மணி நேரம்தான். மூன்று மணிக்குக் கவுன்டர் முன்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தால் அந்த ஒரு மணி நேரமும் இழப்பில்லை என்று புரியும்.

இரண்டில் எதைத் தேர்ந்தாலும் ‘முதல் நாள் பை’ ஒன்றைத் தனியாகக் கட்டுங்கள். அதில் எல்லோருக்கும் ஒரு செட் நீச்சல் உடை, மாற்றுத் துணி, செருப்பு, குழந்தைக்கு வேண்டிய மருந்து, தண்ணீர் பாட்டில், முறுக்கோ பிஸ்கட்டோ இருக்கட்டும். அறை தயாராகவில்லை என்றாலும் பெரிய லக்கேஜை ரிசப்ஷனில் ஒப்படைத்துவிட்டு இந்தப் பையோடு குளத்துக்குப் போய்விடலாம். பெரும்பாலான ரிசார்ட்டுகளில் கேட்டால் அனுமதிப்பார்கள், உடை மாற்ற அங்கேயே அறை இருக்கும். பெட்டியின் அடியில் கிடக்கும் ஒரு நீச்சல் டிரவுசருக்காக நடைபாதையில் மூன்று பெட்டிகளைப் பிரித்துப் போடும் காட்சியை எந்த ரிசார்ட்டிலும் பார்க்கலாம்.

குளத்துக்கு நைலான் அல்லது லைக்ரா துணி கட்டாயம். சுடிதார், நைட்டி, பருத்தி டிராயர், வேட்டி எதற்கும் அனுமதி இல்லை. இது வீண் பகட்டு என்று சிலர் சண்டைக்குப் போகிறார்கள். பருத்தித் துணி நூல் விட்டு வடிகட்டியை அடைக்கும் என்பது ஒரு காரணம். நனைந்த துணி கனத்துக் காலைச் சுற்றிக்கொள்ளும் என்பது அதைவிட முக்கியமான காரணம். முழுக்கை, முழுக்கால் மூடும் நீச்சல் உடைகள் கடைகளில் கிடைக்கின்றன. ஊரிலேயே வாங்கிவிடுங்கள், ரிசார்ட்டுக் கடையில் விலை வேறு.

பெரியவர்கள் எல்லோரிடமும் ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்ற முகவரிச் சான்று ஒன்று இருக்க வேண்டும். பான் அட்டையில் முகவரி இல்லாததால் ஏற்க மாட்டார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள உறவினர் வருகிறார் என்றால் அவருடைய பாஸ்போர்ட்டும் விசாவும் கையில் இருக்கட்டும். அவர் தங்கும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்கும் கடமை ஓட்டலுக்கு உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த அத்தையின் பாஸ்போர்ட் மாம்பலம் வீட்டுப் பீரோவில் இருந்தால் ரிசப்ஷன்காரரைக் கோபித்துப் பயனில்லை.

சாப்பாடு

காலை பஃபே திறந்த அரை மணிக்குள் போய்விடுங்கள். வரிசை இருக்காது என்பதோடு, எல்லாம் புதிதாகவும் சூடாகவும் இருக்கும். பஃபேயின் கடைசி அரை மணி நேரத்தில் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகக்கூடியவை எவை என்று நம் வீட்டுச் சமையலறை அனுபவமே சொல்லும்: தேங்காய்ச் சட்னி, வெட்டிவைத்த பழம், மயோனைஸ் கலந்த சாலட். கடற்கரை வெக்கையில் தேங்காய்ச் சட்னி சீக்கிரம் ஊசிவிடும். ஆவி பறக்காத சாம்பாரையும் தொட வேண்டாம். குழந்தைகளுக்கு இட்லி, கண்ணெதிரே சுட்ட தோசை, தோல் உரிக்கும் வாழைப்பழம் போதும். இரவுச் சாப்பாட்டையும் ஏழேகாலுக்கே முடித்தால், எட்டரைக் கூட்டம் உள்ளே வரும்போது நீங்கள் கரையில் காற்று வாங்கிக்கொண்டிருப்பீர்கள். இறால், நண்டு ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் சமையல்காரரிடம் நேரில் சொல்லுங்கள். பரிமாறுகிறவரிடம் சொன்னது உள்ளே போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்ப வேண்டாம்.

நீச்சல் குளம்

இங்கேதான் நேரக் கணக்கு வெறும் வசதி என்பதைத் தாண்டிப் பாதுகாப்பாகிறது. மாலை ஐந்து மணிக்குக் குளத்தில் தலைகள் மட்டுமே தெரியும். சத்தம், தண்ணீர் தெளிப்பு, பந்து, டியூப் எல்லாம் கலந்த அந்த நேரத்தில் ஒரு லைஃப்கார்டின் இரண்டு கண்கள் எல்லாக் குழந்தையையும் பின்தொடர முடியாது. மூழ்கும் குழந்தை ‘அம்மா’ என்று கத்தும், கையை ஆட்டும் என்று நாம் சினிமாவில் பார்த்துப் பழகிவிட்டோம். உண்மையில் மூச்சுக்குத் திணறும் வாயால் கத்த முடியாது; கைகள் தானாகவே தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும், மேலே எழாது. தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர் மட்டத்தில் இருந்து, உடம்பு செங்குத்தாக நிற்கும். பார்ப்பவருக்கு அது விளையாட்டு போலவே தெரியும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடக்கூடும்.

‘எங்கள் குடும்பத்தில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம், யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்பது ஆறுதலாகத் தோன்றும் வாதம். கூட்டுக் குடும்பப் பயணத்தில் இதுதான் மிகப் பெரிய ஆபத்து. சித்தி பார்ப்பாள் என்று அம்மா நினைக்க, மாமா பக்கத்தில்தானே இருக்கிறார் என்று சித்தி நினைக்க, மாமா போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருப்பார். பன்னிரண்டு பேர் பாதி கவனத்தோடு பார்ப்பதைவிட ஒருவர் முழுக் கவனத்தோடு பார்ப்பது மேல். எனவே இப்படிச் செய்யுங்கள்:

1. குளத்தில் இறங்கும் முன் ஆழக் குறிகளைப் படியுங்கள். சில குளங்களில் மூன்றடியிலிருந்து ஐந்தடிக்குத் தரை சரிவாக இறங்கும். குழந்தை நடந்தபடியே ஆழத்துக்குப் போய்விடும். எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று பிள்ளைக்குக் கைகாட்டிச் சொல்லுங்கள்.

2. ஒரு பெரியவரைக் காவலுக்கு வையுங்கள். இருபது நிமிடம் அவர் வேலை அது ஒன்றே. போன் கூடாது, பேச்சு கூடாது, மது அருந்தியவர் கூடாது.

3. முறை மாறும்போது பெயர் சொல்லி ஒப்படையுங்கள்: “இனி நீங்க பாத்துக்கோங்க, மூணு பிள்ளைங்க தண்ணியில இருக்காங்க.” எதிரே உள்ளவர் “சரி, மூணு பேர்” என்று சொன்ன பிறகுதான் முதலாமவர் எழ வேண்டும்.

4. நீந்தத் தெரியாத குழந்தைக்குக் காவலர் கரையில் இருந்தால் போதாது. கை எட்டும் தூரத்தில் தண்ணீருக்குள் இருக்க வேண்டும்.

5. காற்றடித்த டியூப், கைப்பட்டை ஆகியவை பொம்மைகள். அவற்றை நம்பிப் பார்வையை எடுக்காதீர்கள். அளவான லைஃப் ஜாக்கெட் தருவார்களா என்று கேளுங்கள்.

நீச்சல் உடையின் நிறமும் உதவும். நீலமும் வெள்ளையும் குளத்து நீரில் கரைந்துவிடும். பளிச்சென்ற ஆரஞ்சு, சிவப்பு, மின்னும் மஞ்சள் என்றால் அடியில் இருந்தாலும் தெரியும். இனி நேரத்துக்கு வருவோம். குளம் காலை ஏழுக்குத் திறந்து லைஃப்கார்டும் ஏழுக்கு வருகிறார் என்றால், ஏழிலிருந்து எட்டரை வரை உங்களுடையது. ஒரே நிபந்தனை, அவர் தன் இடத்தில் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு இறங்குங்கள். ஆறரைக்குக் கேட் திறந்திருக்கிறது, ஆளில்லை, ஜாலியாகக் குளிக்கலாம் என்று போவது முன்பு சொன்ன விலக்குக்குள் வருவது. கூட்ட நேரத்தில் கவனம் சிதறும். ஆளில்லா நேரத்தில் கவனிக்கவே ஒருவரும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒன்றரை மணி நேரத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

சுத்தம் பற்றி ஒரு வார்த்தை. கண் சிவப்பதற்கும் மூக்கைத் துளைக்கும் வாடைக்கும் குளோரின் அதிகம் என்று குறை சொல்வோம். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமின்களே அந்த எரிச்சலுக்கும் வாடைக்கும் பெரும்பாலும் காரணம். இறங்கும் முன் ஷவரில் நன்றாகக் குளிப்பதும், குழந்தையை அரை மணிக்கொரு முறை கழிப்பறைக்கு அழைத்துப்போவதும் மற்றவர்களுக்குச் செய்யும் மரியாதை. வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையைக் கட்டாயம் இறக்கக் கூடாது. சில கிருமிகள் குளோரின் நீரிலும் நாள் கணக்கில் உயிரோடிருக்கும்.

கடல்

வங்கக் கடலின் இந்தக் கரை பார்க்க அழகு, குளிக்கக் கடினம். பல இடங்களில் சில அடி நடந்தவுடனே தரை சட்டென்று இறங்கிவிடும். அதோடு, கரைக்கு வந்த அலைநீர் திரும்பிப் போக ஒரு வழி தேடும். மணல்திட்டுகளுக்கு நடுவே இடைவெளி கிடைத்தால் அதன் வழியே ஆறு போல உள்ளே பாயும். அதைக் கரையிலிருந்தே அடையாளம் காணலாம். இருபுறமும் அலை நுரைத்து உடையும்போது நடுவே ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல், நீர் சற்றுக் கருத்தோ கலங்கியோ அமைதியாகத் தெரியும். நுரை கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். ‘இங்கே அலை குறைவு’ என்று குடும்பங்கள் குழந்தைகளை இறக்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

நீச்சல் தெரியும் என்பது இங்கே பாதிப் பதில்கூட ஆகாது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். அன்று உள்ளூரில் புயல் இல்லை. தொலைதூரத்துப் பெருங்கடலில் கிளம்பிக் கரைக்கு வரும் ‘கள்ளக்கடல்’ அலைகளுக்காக இன்காய்ஸ் எனப்படும் இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் முன்னதாகவே எச்சரிக்கை விட்டிருந்தது. வானம் தெளிவாக இருப்பதை வைத்துக் கடலை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ரிசப்ஷனில் கேளுங்கள், கரையில் நிற்கும் மீனவரிடம் கேட்டால் இன்னும் நல்லது. அவர் ‘இன்னைக்கு இறங்காதீங்க’ என்றால் மறுபேச்சு வேண்டாம். குளித்தே ஆக வேண்டும் என்பவர்கள், 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கோவளம் கடற்கரை போல, குளிக்கும் எல்லை குறித்து லைஃப்கார்டு நிற்கும் இடத்துக்குப் போகலாம். மற்ற இடங்களில் கணுக்கால் நனைவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இது கோழைத்தனமாகத் தோன்றினால் தோன்றட்டும்.

மீறி நீரோட்டம் இழுத்துவிட்டால் செய்ய வேண்டியவை, வரிசையாக:

1. கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள். ஆளைக் கொல்வது அந்தக் களைப்புதான். நீரோட்டம் உங்களை அடியில் இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும்.

2. மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள். ஒரு கையைத் தூக்கிக் காட்டுங்கள்.

3. தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்துங்கள். அந்த ஓட்டம் அகலம் குறைந்தது. விலகியதும் இழுப்பு தளர்ந்துவிடும்.

4. அலை உடையும் இடத்துக்கு வந்த பிறகு சாய்வாகக் கரையை நோக்கித் திரும்புங்கள்.

கரையில் இருப்பவர் செய்யும் தவறு, பதறிக் குதிப்பது. ஒருவர் போய் இருவர் பலியாவது இப்படித்தான். கயிறு, டியூப், மூடிய காலி கேன், பெரிய பந்து என்று மிதக்கும் எதையாவது வீசுங்கள். லைஃப்கார்டையும் மீனவர்களையும் கூப்பிடுங்கள். 108-க்கு அழைக்க ஒருவரைப் பெயர் சொல்லி ஏவுங்கள். தூக்கி வந்தவரைத் தலைகீழாகப் பிடித்து வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. அது நேரத்தை வீணாக்கும். வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கக் கிடத்தி, வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, பிறகு நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரையான வேகத்தில் அழுத்த வேண்டும்: 30 அழுத்தம், 2 மூச்சு. பிழைத்து எழுந்தவர் ‘ஒண்ணுமில்லை’ என்றாலும் மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். நுரையீரல் தொந்தரவு சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

சொறிமீன் பட்டால் மணலால் தேய்க்கவோ நல்ல தண்ணீர் ஊற்றவோ கூடாது. இரண்டும் ஒட்டியிருக்கும் கொட்டுச் செல்களை மேலும் கிளப்பிவிடும். கடல்நீரால் கழுவி, இழைகளை இடுக்கியால் எடுத்து, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் இருபது நிமிடம் வைத்தால் வலி அடங்கும். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ உடனே மருத்துவமனை. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் நீல நிறப் பை போன்றதைக் குழந்தைகள் பலூன் என்று எடுப்பார்கள். செத்துக் கிடந்தாலும் அது கொட்டும்.

கூட்டத்தில் பிள்ளை தவறிவிட்டால் முதலில் தண்ணீரைப் பாருங்கள், பிறகு விளையாட்டு இடம், பிறகு அறை. காலையில் அன்றைய உடையோடு ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் காவலர்களிடம் காட்டலாம். பிள்ளையின் முன்கையில் உங்கள் போன் எண்ணைப் பால்பாயின்ட் பேனாவால் எழுதிவிடுவது பழைய வழிதான். திருவிழாக் கூட்டத்தில் இன்றும் அதுதான் உதவுகிறது.

அறையில் கவனிக்க

அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலை, பால்கனி நாற்காலிகளை உள்ளே எடுத்துப் போடுவது. கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும் நாற்காலி மேல் ஏறிய நாலு வயதுப் பிள்ளைக்கு அது உயரமில்லை. கண்ணாடிக் கதவில் குழந்தையின் கண் மட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஈரத்துணி காயப்போட நைலான் கயிறும் கிளிப்பும் கொண்டுவாருங்கள். பால்கனிக் கம்பியில் துணி தொங்கினால் கடற்காற்று கொண்டுபோய்விடும். மணல் கால்களை வெளிக்குழாயிலேயே கழுவிவிட்டு வாருங்கள். குளியலறை வடிகால் அடைத்துக்கொண்டால் கூட்ட நாளில் பிளம்பர் வர மாலையாகும்.

பில்லும் புறப்பாடும்

கடைசி நாள் பதினொரு மணிக்கு பில் கேட்காதீர்கள். முந்தின இரவு ஒன்பதரைக்குக் கவுன்டர் காலியாக இருக்கும். அப்போதே பில்லின் நகலை வாங்கி வரிவரியாகப் பாருங்கள். தொடாத மினிபார் பாட்டில், வேறு அறையின் ரூம் சர்வீஸ், குழந்தைக்குப் பெரியவர் கணக்கில் போட்ட சாப்பாடு ஆகியவை கூட்ட நாட்களில் வழக்கமாக வரும் தவறுகள். பெரும்பாலும் ஏமாற்று இல்லை, அவசரம். நிதானமான நேரத்தில் சொன்னால் உடனே திருத்துவார்கள். ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று உணவு பில்லில் தானாகச் சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லலாம். அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வேலை செய்தவருக்கு நீங்களாக விரும்பிக் கையில் கொடுப்பது வேறு. அறையைச் சுத்தம் செய்தவரை மறக்க வேண்டாம், பில்லில் சேர்க்கும் தொகை அவர் கைக்குப் போகிறதா என்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

ஞாயிறு மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை சென்னை நோக்கிய சாலை அடைத்துக்கிடக்கும். காலைக் குளியலும் பஃபேயும் முடித்துப் பத்தரைக்கே புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். மாலைதான் கிளம்ப முடியும் என்றால், மாமல்லபுரத்திலிருந்து பூஞ்சேரி வழியாகவோ, கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் வழியாகவோ பழைய மாமல்லபுரம் சாலைக்கு மாறிக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் அறையின் சார்ஜர் பிளக்குகள், ஃபிரிட்ஜ், லாக்கர், குளியலறைக் கதவின் பின்புறம் ஆகிய நாலையும் ஒருமுறை பாருங்கள். மறந்துவிட்டுப் போகும் பொருள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.